பன்னிரண்டு டாலரும் ஒரு பிடி அரிசியும்

எங்க ஆச்சியின் அடுக்களையில் அரிசிப் பானைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மண்கலயம் இருக்கும். உலைக்கு அரிசி அளந்து எடுத்ததும் அதிலிருந்து ஒரு பிடி அள்ளி அந்தக் கலயத்தில் போடுவாள். அதற்குப் பிறகுதான் மீதியைக் களைவாள். வீட்டில் அரிசி குறைவாக இருக்கும் நாளிலும் இது நடக்கும். பிடி கொஞ்சம் சின்னதாகும், அவ்வளவுதான்.

கைப்பிடி அரிசி என்று பேர். திருநெல்வேலிச் சீமைக் கிறிஸ்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டு வீட்டுக் கலயமும் கோயிலுக்கு வரும் (நாங்கள் சர்ச்சைக் கோயில் என்போம், பாதிரியாரை ஐயர் என்போம்; வெளியூர் நண்பர்கள் இதைக் கேட்டுக் குழம்பாத நாளில்லை). எல்லாவற்றையும் ஒரே சாக்கில் கொட்டுவார்கள். ஆராதனை முடிந்ததும் வேப்பமரத்தடியில் ஏலம். பணம் ஊழியத்துக்கு.

1980களில் சில வருஷம் அந்தப் பணத்தில் ஒரு பங்கு என் சித்தப்பாவுக்குப் போனது. அவர் ஐயருக்குப் படித்துக்கொண்டிருந்தார். எங்க ஊரிலிருந்து இறையியல் கல்லூரிக்குப் போன முதல் ஆள். மீதிச் செலவை ஜெர்மனியில் ஏதோ ஒரு சபை ஏற்றுக்கொண்டிருந்தது. கடைசி வருஷத்துக்கு முந்தின வருஷம், பெட்டியைத் தூக்கிக்கொண்டு சித்தப்பா ஊருக்குத் திரும்பி வந்துவிட்டார். பிரசங்க பீடத்தில் நின்று தனக்கே நிச்சயமில்லாததைச் சொல்ல முடியாது என்றார். அப்புறம் தமிழ் படித்துப் பள்ளிக்கூடத்து வாத்தியாரானார். முப்பது வருஷம் நன்னூல் நடத்தினார்.

ஊர் அவரைத் திட்டவில்லை. ஒரே ஒரு பெரியவர், ஒரே ஒரு முறை, அதே வேப்பமரத்தடியில் சொன்னார்: "நம்ம அரிசியத் தின்னுட்டுப் போயி வாத்தியாராயிட்டான்." அந்த ஒரு வாக்கியம் போதுமானதாக இருந்தது. அதற்கப்புறம் சித்தப்பா கோயிலில் முன்வரிசையில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. பின்னால், தூணோரம்.

அந்த வாக்கியம் பல வருஷம் கழித்து வட்டுக்கோட்டையைப் பற்றிப் படிக்கும்போது திரும்பக் காதில் விழுந்தது. யாழ்ப்பாணத்தில், 1855இல், கிட்டத்தட்ட இதே வாக்கியத்தை அமெரிக்காவிலிருந்து வந்தவர்கள் நாகரிகமான ஆங்கிலத்தில் சொல்லி, ஒரு கல்லூரியையே மூடிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

அமெரிக்க மிஷன் யாழ்ப்பாணத்துக்கு வந்தது 1816இல். தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் முதலில் குடியேறினார்கள். வட்டுக்கோட்டையில் கூரையில்லாமல் கிடந்த பழைய கோயில் கட்டிடத்தைச் செப்பனிட்டுக்கொண்டார்கள். 1823இல் அங்கே செமினரி தொடங்கியது. முதல்வர் டேனியல் பூவர். தமிழும் ஆங்கிலமும் கணிதமும் வானியலும் அங்கே என்ன தரத்தில் நடந்தன என்பதைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். எனக்கு ஆர்வம் வேறிடத்தில். இதுக்கெல்லாம் யார் காசு கொடுத்தது?

அவர்களை அனுப்பிய அமெரிக்கன் போர்டு 1810இல் மசாசூசெட்ஸில் உருவானது. அது நடத்திய மாத இதழ் 'மிஷனரி ஹெரால்ட்'. அதன் பழைய தொகுதிகள் இன்று இணையத்தில் கிடைக்கின்றன. கட்டுரைகளைத் தாண்டிப் பின்பக்கங்களுக்குப் போனால் பொடி எழுத்தில் நன்கொடைப் பட்டியல். ஊர்ப் பெயர், கொடுத்தவர் பெயர், தொகை. பல இடங்களில் பெயரே இருக்காது, 'ஒரு நண்பர்', 'ஒரு பெண்மணி' என்று மட்டும். சில ஊர்களிலிருந்து பணத்துக்குப் பதில் துணிப்பெட்டி. அதைப் பார்த்தபோது எங்க ஊர் அசனப் பண்டிகைக்கு நோட்டீஸ் பலகையில் எழுதிப் போடுகிற பட்டியல்தான் ஞாபகம் வந்தது. யார் ஒரு மூட்டை அரிசி, யார் ரெண்டு ஆடு, யார் வெறும் தேங்காய்.

அமெரிக்காவின் கிழக்குக் கரை ஊர்களில் பெண்கள் இதை முன்பே ஆரம்பித்துவிட்டார்கள். 1800இல் பாஸ்டனில் மேரி வெப் என்பவர் மிஷன் வேலைகளுக்காக ஒரு பெண்கள் சங்கம் தொடங்கினார். சின்ன வயதிலேயே நடக்க முடியாமல் போனவர், சக்கர நாற்காலியிலிருந்து அதை நடத்தினார். 1802இல் மெஹிடபல் சிம்ப்கின்ஸ் என்பவர் வாரத்துக்கு ஒரு சென்ட் ஒதுக்கிவைக்கும் திட்டத்தைக் கொண்டுவந்தார். ஊர் ஊராகப் பெண்கள் அதைப் பின்பற்றினார்கள். குடும்பச் செலவிலிருந்து கண்ணுக்குத் தெரியாமல் கிள்ளி எடுக்கும் தொகை. ஆச்சிக்கு இது தெரிந்திருந்தால் "அட, அங்கயும் நம்மள மாரி ஆளு இருக்கா" என்றிருப்பாள்.

பெரிய கைகளும் இருந்தன. சேலம் துறைமுகத்துக் கடல் வணிகர் ஜான் நாரிஸ் (நம் சேலமில்லை, மசாசூசெட்ஸ் சேலம்) ஆண்டோவர் இறையியல் செமினரி தொடங்கப் பத்தாயிரம் டாலர் கொடுத்தார். வட்டுக்கோட்டையின் டேனியல் பூவர் அந்த ஆண்டோவரில் படித்தவர்தான். அப்படிப் பார்த்தால் பூவரே யாரோ ஒருவர் காசில் ஊழியத்துக்குப் படித்த பையன். நாரிஸின் மனைவி மேரி, 1811இல் இறக்கும்போது அமெரிக்கன் போர்டுக்கு முப்பதாயிரம் டாலர் எழுதிவைத்தார். அந்த உயில் வழக்கில் மாட்டிக்கொண்டு, பணம் கைக்கு வரச் சில வருஷம் ஆனது.

அந்த இடைவெளியில் வேறொரு உயில் வந்து சேர்ந்தது. நியூ ஹாம்ப்ஷயரில் கார்னிஷ் என்ற ஊரில் வீட்டுவேலை செய்து பிழைத்த சாலி தாமஸ் என்ற பெண்ணுடையது. போர்டின் கைக்கு முதலில் கிடைத்த உயில் பணம் அவருடையதுதான் என்று சொல்லப்படுகிறது. சாலி தாமஸின் சம்பளம் வாரத்துக்கு ஐம்பது சென்டைத் தாண்டியதேயில்லை. விட்டுச்சென்றது 345 டாலர் 83 சென்ட்.

ஒரு இரவு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். வாரம் ஐம்பது சென்ட் என்றால் வருஷத்துக்கு 26 டாலர். ஒரு காசு செலவழிக்காமல் வைத்தாலும் 345 டாலர் சேரப் பதிமூன்று வருஷம் ஆகும். ஒரு காசும் செலவழிக்காமல் எந்த மனுஷி இருப்பாள்? எத்தனை வருஷம் பாத்திரம் தேய்த்தாரோ. இதே சமயத்தில் யாழ்ப்பாணத்தில் ஒரு பையனுக்கு மிஷன் விடுதியில் சோறும் துணியும் படிப்பும் கொடுக்க வருஷத்துக்கு ஆகும் செலவு என்று மிஷனரிகள் சொன்ன தொகை பன்னிரண்டு டாலர். சாலி தாமஸின் அரைவருஷக் கூலிக்குக் கொஞ்சம் குறைவு.

அந்தப் பன்னிரண்டு டாலரோடு ஒரு ஏற்பாடும் சேர்ந்து வந்தது. பணம் கொடுப்பவர் அந்தப் பையனுக்குப் பெயர் வைக்கலாம்.

இதை முதன்முதலில் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. பெற்றவர்கள் வைத்த பெயர் இருக்கிறது, பிள்ளைக்கு எட்டோ பத்தோ வயதாகிவிட்டது. கடல் தாண்டி ஒரு தையல் சங்கம் தங்கள் போதகரின் பெயரைத் தேர்ந்தெடுத்து அனுப்புகிறது, சிலசமயம் செத்துப்போன ஒரு பிள்ளையின் பெயரை. பையன் பாதியில் நின்றுவிட்டாலோ இறந்துவிட்டாலோ அதே பெயரை இன்னொரு பையனுக்கு மாற்றிக் கொடுத்ததும் உண்டு. பெயர் அங்கே ஒரு கட்டில் மாதிரி. ஒருத்தன் எழுந்து போனால் அடுத்தவன் படுத்துக்கொள்ளலாம்.

கோபம் முழுக்கப் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்தப் பட்டியல்களையே ராத்திரி ராத்திரியாகப் பார்த்துக்கொண்டிருந்ததில் வேறொன்றும் கண்ணில் பட்டது. சாலி தாமஸ் மாதிரி ஆட்களுக்குத் தங்கள் ஊரில் எதற்கும் பெயர் வைக்கும் வாய்ப்பு கிடையாது. மண்டபங்களுக்குப் பெயர் பெரிய மனிதர்களுடையது. வட்டுக்கோட்டையிலேயே அப்படித்தான், அங்கே இருக்கும் ஓட்லி மண்டபம் இலங்கையின் பிரதம நீதியரசராக இருந்த சர் ரிச்சர்ட் ஓட்லியின் பெயரைத் தாங்கியது. வாரம் ஒரு சென்ட் போடும் பெண்களுக்கு மண்டபம் கட்டக் காசில்லை. பன்னிரண்டு டாலருக்கு ஒரு பையன் கிடைத்தான். இப்படி எழுதும்போதே கை கூசுகிறது. நடந்தது அதுதான்.

போர்டு இதே முறையை வேறு இடத்திலும் செய்து பார்த்திருக்கிறது. கனெக்டிகட்டில் கார்ன்வால் என்ற ஊரில் 1817இல் அவர்கள் ஒரு பள்ளி நடத்தினார்கள். அங்கே வந்த செரோக்கி இளைஞர் ஒருவர், பக் வாட்டி என்று அறியப்பட்டவர், அமெரிக்க வேதாகமச் சங்கத்தின் தலைவராக இருந்த எலியாஸ் புதினோவின் பெயரை எடுத்துக்கொண்டார். அந்த இளைஞர்தான் 1828இல் 'செரோக்கி ஃபீனிக்ஸ்' பத்திரிகையின் முதல் ஆசிரியரானவர், தன் சொந்த மொழியிலும் ஆங்கிலத்திலுமாக.

இப்போது யாழ்ப்பாணம். 1841 ஜனவரியில் 'உதயதாரகை' வெளிவருகிறது, தமிழிலும் ஆங்கிலத்திலும். இலங்கையின் முதல் தமிழ்ப் பத்திரிகை என்று பொதுவாகச் சொல்லப்படுவது. முதல் ஆசிரியர்கள் இருவர்: ஹென்றி மார்ட்டின், சேத் பேசன். பெயரை மட்டும் பார்த்து இவர்களை வெள்ளைக்காரர்கள் என்று நான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். இருவரும் வட்டுக்கோட்டையில் படித்த தமிழர்கள். அசல் ஹென்றி மார்ட்டின் கேம்பிரிட்ஜில் படித்து இந்தியாவுக்கு வந்து, புதிய ஏற்பாட்டை உருதுவிலும் பாரசீகத்திலும் மொழிபெயர்த்து, 1812இல் துருக்கியின் தொக்காத்தில் இறந்துபோனவர். அசல் சேத் பேசன், நியூ ஹாம்ப்ஷயரில் ரிண்ட்ஜ் என்ற சிற்றூரின் போதகர், 1820இல் இறந்தவர். அவர் பெயர்தான் இது என்றே எடுத்துக்கொள்கிறேன். ரிண்ட்ஜ் ஊர்க்காரர்களுக்கு நம் சேத் பேசன் தமிழில் தலையங்கம் எழுதுவது கனவில்கூட வந்திருக்காது.

பட்டியல் நீளும். உதயதாரகைக்குப் பின்னாளில் நெடுங்காலம் ஆசிரியராக இருந்து, 1886இல் 'பாவலர் சரித்திர தீபகம்' வெளியிட்ட சதாசிவம்பிள்ளைக்குப் பெயர் ஆர்னல்ட். மருத்துவர் கிரீனோடு உட்கார்ந்து ஆங்கில மருத்துவ நூல்களைத் தமிழாக்கிய மாணவர்கள் டான்ஃபோர்த், சாப்மன். சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1857இல் முதன்முதலாக பி.ஏ. தேறிய இருவரும் வட்டுக்கோட்டைக்காரர்கள். ஒருவர் கரோல் விசுவநாதபிள்ளை. இன்னொருவரைத் தமிழ் படித்த எல்லாருக்கும் தெரியும், சி. வை. தாமோதரம்பிள்ளை.

இதில் எத்தனை பேர் ஊழியத்துக்குப் போனார்கள் என்று கேட்டால்தான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

சிக்கலுக்கு முன்னால் 1837ஐச் சொல்லியாக வேண்டும். அந்த வருஷம் அமெரிக்காவில் வங்கிகள் முறிந்தன. சென்ட் போட்டவர்களின் கையில் சென்ட் இல்லை, போர்டு செலவைக் குறைத்தது. யாழ்ப்பாணத்தில் மிஷன் நடத்திவந்த ஊர்ப் பள்ளிக்கூடங்கள் நூற்றுக்கும் மேல் மூடப்பட்டு, ஆயிரக்கணக்கான பிள்ளைகள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். நியூயார்க்கில் ஒரு வங்கி கதவைச் சாத்தினால், பனங்காணிக்கு நடுவிலிருக்கும் ஓலைக்கொட்டகைப் பள்ளியும் சாத்தப்படும். உலகமயமாக்கல் பற்றி நாம் பேச ஆரம்பித்தது நேற்றைக்குத்தான் என்று நினைத்துக்கொள்கிறோம். அந்தப் பிள்ளைகளுக்கு யாராவது காரணம் சொல்லியிருப்பார்களா? என்னவென்று சொல்லியிருப்பார்கள்?

மற்றபடி செமினரி வளர்ந்தது, நல்ல பெயர் எடுத்தது. அதுவே வினையானது. நல்ல ஆங்கிலமும் கணிதமும் தெரிந்த இளைஞர்களுக்கு அரசாங்கக் கச்சேரிகள் காத்திருந்தன. உபதேசியார் சம்பளத்தைவிட அங்கே அதிகம். படித்தவர்களில் கணிசமானவர்கள் உத்தியோகத்துக்குப் போனார்கள், சென்னைக்கும் போனார்கள். ஞானஸ்நானம் வாங்காமலே படித்து முடித்தவர்கள் உண்டு. வாங்கிவிட்டுப் பிறகு விபூதிக்குத் திரும்பியவர்களும் உண்டு. 1854இல் போர்டின் செயலாளர் ரூஃபஸ் ஆண்டர்சனும் அகஸ்டஸ் தாம்சனும் கீழைநாட்டு மிஷன்களைப் பார்வையிடக் கிளம்பினார்கள். ஆண்டர்சனின் கருத்து தெளிவானது: ஆங்கிலப் படிப்பு பையன்களை ஊர்ச் சபைகளிலிருந்து பிரித்துவிடுகிறது, போதகர்கள் தாய்மொழியில் பயின்று தங்கள் ஜனங்களுக்கு நடுவிலேயே இருக்க வேண்டும். 1855இல் செமினரி மூடப்பட்டது. அதே வருஷம் பிப்ரவரியில் டேனியல் பூவர் மானிப்பாயில் காலராவில் இறந்துபோனார்.

ஆண்டர்சனைக் குறைசொல்வது சுலபம், நம் ஆட்கள் நிறையச் சொல்லியாயிற்று. தாய்மொழி விஷயத்தில் அவர் சொன்னதில் பாதியை நானே ஒப்புக்கொள்வேன். அவர் பின்னாலும் அந்தப் பொடி எழுத்துப் பட்டியல் இருந்தது. சாலி தாமஸ் தன் காசைக் கொடுத்தது கச்சேரிக் கிளார்க்கு உருவாக்க இல்லை. அதைக் கேட்கும் பொறுப்பு அவருக்கு இருந்தது. எங்க ஊர் வேப்பமரத்தடிப் பெரியவருக்கு இருந்த மாதிரி.

ஆனால் தாமோதரம்பிள்ளையை எந்தக் கணக்கில் எழுதுவது? அவர் சைவராகத்தான் வாழ்ந்தார். சென்னையில் பத்திரிகை வேலை, அரசாங்க வேலை, பிறகு புதுக்கோட்டையில் நீதிபதிப் பதவி. இதற்கு நடுவில் செல்லரித்த ஏடுகளைத் தேடித் தேடி 1881இல் வீரசோழியம், 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரம், 1887இல் கலித்தொகை என்று அச்சேற்றினார். ஏடுகளை ஒப்பிட்டுப் பாடம் தேறும் அந்தப் பொறுமையில் வட்டுக்கோட்டைப் பயிற்சிக்குப் பங்கில்லை என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன். போர்டின் கணக்குப் புத்தகத்தில் அவர் நஷ்டம். நாம் கலித்தொகையைப் பிரித்து வாசிக்கும்போது அந்த நஷ்டத்தின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறோம். நியூ இங்கிலாந்தில் ஏதோ ஒரு பெண் சர்க்கரையைக் குறைத்துச் சேர்த்த சென்ட் எங்கெங்கோ போய் அங்கே வந்து நின்றிருக்கிறது. அவளுக்கு அது தெரியாது. தெரிந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாளா என்பதும் சந்தேகம்தான்.

கதையில் ஒரு திருகலும் உண்டு. தாமோதரம்பிள்ளையின் மகன் அழகசுந்தரம் கிறிஸ்தவரானார், பிரான்சிஸ் கிங்ஸ்பரி என்று பெயர் வைத்துக்கொண்டார். பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரியில் ஊழியத்துக்குப் படிக்கும் மாணவர்களுக்குப் பாடம் நடத்தினார். அங்கிருந்துகொண்டு அவர் செய்த காரியம், 1921இல் ஜி.இ. பிலிப்ஸோடு சேர்ந்து தேவார திருவாசகப் பாடல்களை ஆங்கிலத்தில் கொண்டுவந்தது. அப்பா மிஷன் படிப்பில் சங்க இலக்கியத்துக்குப் போனார், மகன் மிஷன் கல்லூரியில் உட்கார்ந்து மாணிக்கவாசகரிடம் போனார்.

வட்டுக்கோட்டையும் மூடியே கிடக்கவில்லை. 1872இல் அதே இடத்தில் யாழ்ப்பாணக் கல்லூரி திறந்தது. அதைக் கேட்டு நெருக்கியவர்களில், கையிலிருந்து போட்டவர்களில், உள்ளூர்க் கிறிஸ்தவர்களும் செமினரியின் பழைய மாணவர்களும் இருந்தார்கள். கச்சேரிக்குப் போனவர்களின் சம்பளம் கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பியது. 1902இல் திருநெல்வேலிக்காரரான வேதநாயகம் அசரியா யாழ்ப்பாணம் போனபோது, அங்கிருக்கும் தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் காசில் தொண்டிப் பக்கம் ஊழியர் அனுப்பிவைத்திருப்பதைப் பார்த்து அசந்துபோனார். திரும்பி வந்து 1903இல் நண்பர்களோடு இந்திய மிஷனரிச் சங்கம் தொடங்கினார், வெளிநாட்டுப் பணம் வாங்குவதில்லை என்ற முடிவோடு. எங்க ஆச்சியின் கலயத்துக்கு நேராக வந்து சேரும் வழி இது.

இதையெல்லாம் சித்தப்பாவிடம் ஒருநாள் சொன்னேன். தாமோதரம்பிள்ளை வரைக்கும் ஆர்வமாகக் கேட்டார். பேச்சு பன்னிரண்டு டாலருக்கு வந்ததும் முகம் மாறியது.

"வருஷத்துக்கு ரெண்டு லெட்டர் எழுதணும்டே, ஜெர்மனிக்கு. காலேஜ்ல மாதிரி எழுதிப் போட்டிருப்பாங்க. உங்கள் அன்பான உதவிக்கு நன்றின்னு ஆரம்பிக்கணும். நாலு வரி நம்ம படிப்பு, ரெண்டு வரி மழை, ஒரு ஜெப விண்ணப்பம். நான் வெளிய வந்தப்புறமும் ஒண்ணு எழுதுனேன். மன்னிச்சுக்கிடுங்கன்னு. அவங்க பதில் போட்டாங்க. கோவமே இல்ல."

கொஞ்ச நேரம் பேசவில்லை.

"ஊருக்கு ஒரு லெட்டர் எழுதலியே. எங்க அம்மைக்கு நன்றின்னு எப்படிடே எழுதுறது? பக்கத்து வீட்டு ஞானம்மா பெரியம்மைக்கு? அவ வீட்டுல கஞ்சிதான், தெரியும்லா. அந்தக் கஞ்சியிலயும் ஒரு பிடி எடுத்திருப்பா."

அந்தப் பெரியவர் சொன்னதில் தப்பில்லை என்று சித்தப்பா இன்றைக்கும் சொல்கிறார். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. முப்பது வருஷம் அவரிடம் நன்னூல் படித்த பிள்ளைகளில் அதே ஞானம்மா பெரியம்மையின் பேரன்களும் உண்டு. இதை அவரிடம் சொன்னால் "அது சம்பளத்துக்குப் பாத்த வேல" என்று முடித்துவிடுகிறார்.

ஆச்சி செத்த பிறகு கலயம் சித்தப்பா வீட்டுக்குப் போனது. ஏலம் இப்போதும் நடக்கிறது, பழைய கூட்டமில்லை. கைப்பிடி அரிசிக்கு ஏலத்தில் விலை ஏறாது. பொன்னி, ரேஷன், இட்லி அரிசி, புதுசு, பழசு எல்லாம் ஒரே சாக்கில் கலந்து கிடக்கும். பெரும்பாலும் கோழிக்கென்று யாராவது எடுப்பார்கள். சில வருஷமாக அதைச் சித்தப்பாதான் எடுக்கிறார். எவ்வளவுக்குக் கேட்டாலும் அதற்கு மேல் கேட்கிறார், எதிரே ஆளில்லாவிட்டாலும் தானே ஏற்றுகிறார். கோயில்பிள்ளை சிரித்துக்கொண்டே மூன்று தரம் சொல்லி முடிப்பார். சாக்கைச் சைக்கிளில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்து சோறாக்கச் சொல்கிறார். சித்திக்கு இதில் பெரிய வருத்தம். எவ்வளவு நேரம் வைத்தாலும் பாதி குழைந்துபோகிறது, பாதி விறைத்துக்கொண்டு நிற்கிறது, இந்தச் சோற்றை எந்தப் பதத்தில் வடிக்க என்று போனில் என்னிடம் கேட்கிறாள்.